தாளின் பின்பக்கம்

அப்பா தையல்காரர். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 1980களில் அவர் ஒரு தபால்வழி வேதபாடத்தில் சேர்ந்திருந்தார். மாதம் ஒரு பழுப்பு உறை வரும். உள்ளே பாடப் புத்தகம் ஒன்று, கேள்வித்தாள் ஒன்று. கோடிட்ட இடங்களை நிரப்புக, சரியா தவறா, பொருத்துக. ராத்திரி மிஷினை மூடி வைத்துவிட்டு, அதே பலகையின் மேல் வேதாகமத்தை விரித்து, ஒவ்வொரு விடையையும் முதலில் பென்சிலில் எழுதி, அப்புறம் அதன் மேலேயே பேனாவால் எழுதுவார். எப்போதும் முழு மதிப்பெண்தான்.

யாத்திராகமப் பாடம் வந்த மாதம் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. எபிரெயருக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைகளைக் கொன்றுபோடும்படி எகிப்தின் ராஜா இரண்டு மருத்துவச்சிகளுக்குக் கட்டளையிடுகிறான். எங்கள் வேதாகமத்தில் அவர்கள் 'எபிரெய மருத்துவச்சிகள்'. அப்பா தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நுணுக்கி எழுதினார்: 'ஐயா, சொந்த ஜனத்தின் பிள்ளைகளைக் கொல்ல அந்த ஜனத்துப் பெண்களையே ஒரு ராஜா நம்புவானா? விளக்க வேண்டுகிறேன்.'

தாள் திரும்பி வந்தது. முன்பக்கம் 20க்கு 20. பின்பக்கத்தில், அப்பாவின் கேள்வி மேல், சிவப்பில் ஒரு டிக். வேறொன்றும் இல்லை. அடுத்த பாடத்தோடு பதில் வரும் என்று இருந்தார். அதற்கடுத்த மாதமும் இருந்தார். கடைசியில் சான்றிதழ் வந்தது, அதற்குச் சட்டம் போட்டு மாட்டினோம். எனக்கு அப்போது பத்து வயது. அந்த டிக் மட்டும் எனக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, எருசலேமில் வேதாகமம் கற்பித்த யூத ஆசிரியை நெஹாமா லெய்போவிட்ஸின் யாத்திராகம ஆய்வுகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்துக்கொண்டிருந்தேன். தொடக்கப் பகுதியிலேயே அப்பாவின் கேள்வி இருந்தது. கிட்டத்தட்ட அதே சொற்களில், ஐந்நூறு வருஷப் பழமையோடு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நெஹாமாவைப் பற்றி எழுதவேண்டும் என்று அன்றே நினைத்தேன். இவ்வளவு தாமதமானதற்குக் காரணம், படிக்கப் படிக்க அவர் வளர்ந்துகொண்டே போனதுதான்.

1905இல் ரீகாவில் பிறந்தவர். இன்று லாத்வியாவின் தலைநகர், அன்று ரஷ்யப் பேரரசின் துறைமுகம். வீட்டில் அப்பா எபிரெயு மொழியிலேயே பேசவேண்டும் என்று வைத்திருந்தார். வீடுகளில் எபிரெயு பேசுவது மிக அபூர்வமாக இருந்த காலம் அது. இரண்டு வயது மூத்த அண்ணன் யெஷயாஹு பிற்காலத்தில் இஸ்ரேலின் பெரிய சிந்தனையாளர், அரசை நேருக்கு நேர் கண்டித்தவர். அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தக் கட்டுரை அவருடையதாகிவிடும். 1919இல் குடும்பம் பெர்லினுக்குப் போனது. நெஹாமா பெர்லின், ஹைடல்பெர்க், மார்பர்க் பல்கலைக்கழகங்களில் படித்தார். 1930இல் மார்பர்க்கில் முனைவர் பட்டம். ஆய்வுப் பொருள், 15, 16ஆம் நூற்றாண்டுகளில் யூதர்கள் தங்கள் ஜெர்மன் வழக்கில் செய்த வேதாகம மொழிபெயர்ப்புகள், குறிப்பாகச் சங்கீதங்கள். ஒரு சொல்லை எப்படி மொழிபெயர்த்தார்கள் என்று பார்த்தால் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று தெரிந்துவிடும். இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை.

அதே 1930இல் கணவரோடு எருசலேமுக்கு வந்துவிட்டார். கணவர் அவருடைய சித்தப்பாவேதான், வயதில் மிகவும் மூத்தவர், பின்னாளில் பார்வையை இழந்தவர். குழந்தைகள் இல்லை. வந்த பிறகு நெஹாமா அந்த நாட்டைவிட்டு ஒருமுறைகூட வெளியே போகவில்லை. ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்தார்.

1942க்கு வருவோம். கிப்புத்ஸ் என்னும் கூட்டுப் பண்ணைகளிலிருந்து சில இளம்பெண்கள் எருசலேமுக்கு வந்து அவரிடம் சில மாதங்கள் படித்தார்கள். திரும்பிப் போகும் நேரம் வந்தபோது, படிப்பை விட மனமில்லாமல், எங்களுக்கு ஏதாவது அனுப்பிக்கொண்டே இருங்கள் என்று கேட்டார்கள். நெஹாமா ஒரு தாளில் கேள்விகளை எழுதி, ஸ்டென்சிலில் படியெடுத்து அனுப்பினார். எபிரெயு மொழியில் தாளுக்கு 'கிலயோன்' என்று பெயர், பன்மையில் 'கில்யோனோத்'. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

யூதர்கள் மோசேயின் ஐந்து ஆகமங்களையும் 54 பகுதிகளாகப் பிரித்து வாரம் ஒன்றாக ஜெப ஆலயத்தில் வாசித்து, ஒரு வருஷத்தில் முடித்து, முடித்த நாளிலேயே மறுபடியும் ஆதியாகமம் முதல் வசனத்தைத் தொடங்குவார்கள். அந்த வாரத்துப் பகுதிக்கு அந்த வாரத்துத் தாள். அடுத்தடுத்த வாரம், அடுத்தடுத்த வருஷம். பெண்கள் தோழிகளிடம் சொன்னார்கள், தோழிகள் அண்ணன் தம்பியிடம் சொன்னார்கள். ராணுவ வீரர்கள், பண்ணையாட்கள், செவிலியர், வீட்டுப் பெண்கள், நீதிபதிகள் என்று யார் யாரோ சேர்ந்தார்கள். 1971 வரை, ஏறத்தாழ முப்பது வருஷம் புதிய தாள்களை எழுதிக்கொண்டே இருந்தார்.

அனுப்பியது பெரிய காரியம்தான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது திரும்பி வந்ததை அவர் என்ன செய்தார் என்பது. விடை எழுதி அனுப்பிய ஒவ்வொருவருடைய தாளையும் அவரே வாசித்தார். சிவப்பு மையில் கையால் திருத்தினார். சரி என்றால் சரி என்றார். தவறென்றால் வசனத்தை இன்னொரு முறை பார் என்றார். பாதி சரியென்றால் எந்தப் பாதி என்று குறித்தார். திரும்ப அனுப்பினார். அவர்கள் திருத்தி மறுபடி அனுப்பினால் மறுபடியும் வாசித்தார். பல்லாயிரக்கணக்கான தாள்கள். உதவியாளர் படை ஏதும் இல்லை. பகலில் பள்ளி, மாலையில் ஊர் ஊராகப் போய் வகுப்பு, வீட்டில் கணவர், மேசையில் உறைகள்.

எங்கள் வீட்டுக்கு வந்த தாளிலும் சிவப்பு மைதான் இருந்தது.

தாளில் அப்படி என்ன கேட்டார்? ஒரே ஒரு இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆதியாகமம் 24, ஆபிரகாமின் வேலைக்காரன் ஈசாக்குக்குப் பெண் தேடிப் போகும் கதை. ஞாயிறு பள்ளிக்குப் போன எல்லோருக்கும் தெரியும். கிணற்றடி, ஒட்டகங்கள், ரெபெக்காள். இதில் ஒரு விசித்திரம், நடந்த கதை முழுவதையும் அந்த வேலைக்காரன் பெண்வீட்டாரிடம் உட்கார்ந்து மறுபடியும் சொல்கிறான். சின்ன வயதில் நான் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவேன். ஒருமுறை படித்தாகிவிட்டதே, எதற்கு மறுபடியும்?

நெஹாமா நிற்கச் சொல்வது சரியாக அங்கேதான். நடந்ததையும் அவன் சொன்னதையும் பக்கம் பக்கமாக வை, மாறியிருக்கும் ஒவ்வொரு சொல்லையும் குறி, ஏன் மாற்றினான் என்று சொல். செய்து பார்த்தேன். நடந்தபோது அவன் முதலில் ரெபெக்காளுக்குப் பொன் காதணியையும் கடகங்களையும் கொடுக்கிறான், அதன் பிறகே 'நீ யாருடைய மகள்' என்று கேட்கிறான். பெண்வீட்டில் சொல்லும்போது வரிசையைத் திருப்பிவிடுகிறான். முதலில் யார் மகள் என்று கேட்டேன், அப்புறம் நகை போட்டேன் என்கிறான். யார் எவரென்று தெரியாமலா நகையைக் கொடுத்தாய் என்று அவர்கள் மடக்கிவிடுவார்களே, அதற்காகத்தான் மாற்றினான் என்று ரஷி எழுதியிருக்கிறார். இன்னொன்று. ஆபிரகாம் சொன்னது, 'என் தேசத்துக்கும் என் இனத்தாரிடத்துக்கும் போ' என்பது. வேலைக்காரன் சொல்வதோ 'என் தகப்பன் வீட்டுக்கும் என் குடும்பத்துக்கும் போ' என்று. அதாவது, எங்கள் எஜமான் உங்களைத்தான் நினைத்தார், உங்களிடம்தான் அனுப்பினார். 'என் மகனை மட்டும் அங்கே திரும்ப அழைத்துப் போய்விடாதே' என்று ஆபிரகாம் கண்டிப்பாகச் சொன்ன வார்த்தையை அவன் வாயே திறக்கவில்லை. உங்கள் ஊர் எங்களுக்கு ஆகாது என்று சம்பந்தம் பேசப் போன இடத்தில் யார் சொல்வார்?

கல்யாணம் பேசப் போன எந்தப் பெரியவரையும் இந்த வேலைக்காரனிடம் பார்க்கலாம். எங்கள் பெரியப்பா ஒருவர் இதில் கைதேர்ந்தவர். பொய் சொல்லமாட்டார், நடந்ததை அடுக்கும் வரிசையிலேயே காரியத்தை முடித்துவிட்டு வருவார். நான் தாண்டிப் போன அந்தப் பத்திக்குள் இவ்வளவு உயிருள்ள ஒரு மனிதன் இருந்திருக்கிறான்.

ரஷி என்று ஒரு பெயர் சொன்னேன். வடக்கு பிரான்சில் ட்ருவா என்ற ஊரில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர். யூத வேதாகமப் பதிப்புகளில் வசனம் நடுவில் இருக்கும், சுற்றிலும் உரைகள். ரஷியின் உரை இல்லாமல் ஐந்து ஆகமங்களை அவர்கள் படிப்பதே இல்லை. திருக்குறளோடு பரிமேலழகர் சேர்ந்துவிட்டது போல என்று சொன்னால் நமக்குப் புரியும். நெஹாமா மாணவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, ரஷி என்ன சொல்கிறார் என்பது இல்லை. 'ரஷிக்கு இங்கே என்ன நெருடியது?' உரைகாரர் சும்மா பேசுவதில்லை. வசனத்தில் ஒரு சொல் கூடியிருக்கும், ஒரு சொல் குறைந்திருக்கும், வரிசை மாறியிருக்கும். அங்கே அவர் கை தானாகப் போய் நிற்கிறது. அந்த நெருடலைக் கண்டுபிடிக்காமல் உரையை மனப்பாடம் செய்து என்ன பயன் என்பது அவர் கேள்வி. பத்து உரைகாரர்கள் எழுதிய குறளை ஒரே ஒரு பொழிப்புரையாகச் சுருக்கிக் கையில் கொடுத்தார்களே, பள்ளியில் எங்களிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் என்று ஏங்கியிருக்கிறேன்.

வகுப்பிலும் இதேதான். அவர் சொற்பொழிவு ஆற்றியதில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு எல்லோரையும் நோட்டில் எழுதச் சொல்வார். பிறகு வரிசை வரிசையாக நடந்துபோய் ஒவ்வொரு நோட்டையும் குனிந்து பார்ப்பார். தாள்களில் கடினமான கேள்விக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார். மிகக் கடினமானதுக்கு இரண்டு. யாரையும் பயமுறுத்த இல்லை. இதில் தடுமாறினால் மனம் தளராதே என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் அக்கறையாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

சரி, மருத்துவச்சிகள்.

மோசேயின் ஐந்து ஆகமங்களை யூதர்கள் தோரா என்பார்கள். தோரா சுருளில் மெய்யெழுத்துகள் மட்டும்தான். உயிர்க்குறிகள் பல நூற்றாண்டுகள் கழித்து அறிஞர்கள் சேர்த்தவை. நம்முடைய ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது, வாசிப்பவர்தான் மெய்யா உயிர்மெய்யா என்று முடிவு செய்யவேண்டும், கிட்டத்தட்ட அந்த நிலைமை. யாத்திராகமம் 1:15இல் இருக்கும் சொல்லை 'லம்யல்தோத்' என்று வாசித்தால் எபிரெயப் பெண்களான மருத்துவச்சிகள். 'லிம்யல்தோத்' என்று வாசித்தால் எபிரெயப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகள், அதாவது அவர்கள் எகிப்தியராகவும் இருக்கலாம். எழுத்து ஒன்றே, ஒரு உயிரொலியில் ஆளே மாறிவிடுகிறார்கள்.

ரஷி முதல் வாசிப்பின் பக்கம். அந்த மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் வேறு யாருமில்லை, மோசேயின் தாய் யோகெபேத்தும் அக்காள் மிரியாமும்தான் என்கிறார். பிறந்த பிள்ளையைத் துடைத்து அழகாக்குபவள் என்பதால் சிப்பிராள், அழும் பிள்ளையிடம் கொஞ்சிப் பேசுபவள் என்பதால் பூவாள். ஆனால் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'எபிரெயரின் மருத்துவச்சிகள்' என்று வைக்கிறது. முதலாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் அவர்களை எகிப்தியப் பெண்கள் என்றே சொல்கிறார். அப்புறம் அபர்பனேல். லிஸ்பனில் 1437இல் பிறந்தவர். அவர் கேட்கிறார், எபிரெயப் பெண்கள் தங்கள் ஜனத்தின் பிள்ளைகளையே கொல்வார்கள் என்று அந்த ராஜா எப்படி நம்புவான்? ஆகவே இவர்கள் எகிப்தியர்.

அப்பாவின் கேள்வி இதுதான். அபர்பனேல் போர்ச்சுகல் அரசவையிலும் பிறகு ஸ்பெயின் அரசவையிலும் பணவிவகாரங்களைப் பார்த்தவர். ராஜாக்கள் யாரை நம்புவார்கள், யாரை நம்பமாட்டார்கள் என்பது அவருக்கு ஏட்டறிவு இல்லை. 1492இல் யூதர்கள் எல்லோரையும் ஸ்பெயின் வெளியேற்றியபோது அவரும் வெளியேறினார். ராஜாவின் கட்டளை என்றால் என்னவென்று உடம்பால் அறிந்த ஒருவர் கேட்ட கேள்வியை, கிராமத்தில் சட்டை தைத்துக்கொண்டிருந்த என் அப்பா தானாகவே கேட்டிருக்கிறார்.

நெஹாமா இரண்டு தரப்பையும் முழுதாக முன்னால் வைக்கிறார். அதன் பிறகு ஒரு சிறிய சொற்றொடரைப் பிடித்துக்கொள்கிறார். அந்தப் பெண்கள் ராஜா சொன்னபடி செய்யாததற்கு வசனம் தரும் காரணம், அவர்கள் 'தேவனுக்குப் பயந்ததினால்'. இந்தச் சொல் தோராவில் வேறெங்கே வருகிறது? அந்நிய ஊரில் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்த ஆபிரகாம், 'இவ்விடத்தில் தெய்வபயம் இல்லை' என்று நினைத்தேன் என்கிறான். எகிப்தின் அதிகாரியாக உட்கார்ந்திருக்கும் யோசேப்பு, பிழைக்க வந்து கைகட்டி நிற்கும் அந்நியர்களிடம் 'நான் தேவனுக்குப் பயப்படுகிறவன்' என்கிறான். பாலைவனத்தில் களைத்துப் பின்தங்கினவர்களைத் தாக்கிய அமலேக்கு தேவனுக்குப் பயப்படாதவன். இந்த இடங்களை வரிசையாக வைத்துவிட்டு நெஹாமா காட்டுவது இது: பலமற்றவனை, அந்நியனை, எண்ணிக்கையில் சிறியவனை ஒருவன் எப்படி நடத்துகிறான் என்பதில்தான் தோரா தெய்வபயத்தை அளக்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த மருத்துவச்சிகள் எகிப்தியர் என்ற வாசிப்புக்குப் பலம் கூடுகிறது. தன் ஜனத்தைக் காப்பாற்றிய பெண்கள் என்பதைவிட, அடிமைகளின் பிள்ளைகளைக் காப்பாற்றிய ஆளும் ஜனத்துப் பெண்கள்.

அவர் அங்கே நிறுத்தவில்லை. நல்லதும் கெட்டதும் எந்த ஜனத்தின் ரத்தத்திலும் எழுதியிருக்கவில்லை, மோவாபிலிருந்து ஒரு ரூத் வந்தாள், எகிப்திலிருந்து இந்த இரண்டு பேர் வந்தார்கள் என்கிறார். மேலிடத்துக் கட்டளை என்று சொல்லி ஒரு மனிதன் தன் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்கிறார். பெர்லினில் வளர்ந்து 1930இல் கிளம்பி வந்துவிட்ட ஒரு யூதப் பெண், ஐரோப்பாவில் அதற்குப் பின் நடந்த எல்லாவற்றையும் அறிந்தவர், இதை எழுதுகிறார். கசப்புக்கு அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஒரு உயிர்க்குறியை முன்வைத்து, எதிரியின் வீட்டிலும் நீதிமான்கள் உண்டு என்ற வாசிப்புக்கு அவர் இடம் கொடுக்கிறார். அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தேனோ தெரியவில்லை.

அவரிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஆகமங்களும் பல கைகளில், பல காலங்களில் உருவாகிச் சேர்ந்தவை என்று நவீன ஆய்வு சொல்கிறது. நெஹாமா அந்த வாசலுக்குள் போவதே இல்லை. நூல் நம் கையில் இருக்கிறபடியே முழுமை என்பது அவர் நிலைப்பாடு. அகழாய்வு, எகிப்திய வரலாறு எதிலும் அவருக்குப் பெரிய ஈடுபாடில்லை. ஆதியாகமம் 24இல் வேலைக்காரன் கதையில் அந்த நிலைப்பாடு அள்ளிக் கொடுக்கிறது. வேறு சில இடங்களில், கண்முன்னால் இருக்கும் தையலைத் தையல் இல்லை என்று சொல்வது போல எனக்குப் படுகிறது. அதே சமயம், நல்ல விளக்கம் எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொண்டார். தன்னைப் போல ஆசாரமாக வாழாத பென்னோ யாக்கோப், மார்ட்டின் பூபர் போன்ற நவீன அறிஞர்களையும் இடைக்காலத்து ரபிகளுக்கு, அதாவது யூத குருமாருக்கு, பக்கத்திலேயே உட்கார வைத்தார். ஆசார யூதர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அவர் பெயர்களை நீக்கவில்லை.

1956இல் கல்விக்கான இஸ்ரேல் பரிசு கொடுத்தார்கள். டெல் அவிவ் பல்கலைக்கழகம் 1968இல் பேராசிரியர் ஆக்கியது. தோரா கற்பிப்பது ஆண்களின் வேலை என்றிருந்த உலகத்தில், ரபிகளும் ரபியாகப் போகிறவர்களும் அவர் வகுப்பில் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, எல்லோருக்கும் வெறும் நெஹாமா. தலையில் ஒரு பெரே தொப்பி, எளிய உடுப்பு, எருசலேமில் புத்தகம் நிறைந்த சின்ன வீடு. வகுப்புக்குப் போகும் வழியில் டாக்சி ஓட்டுநர்களிடம் வாரப் பகுதியைப் பற்றிப் பேசிக்கொண்டே போவாராம்.

1997 ஏப்ரலில், 91 வயதில் இறந்தார். கல்லறைக் கல்லில் என்ன எழுதவேண்டும் என்று அவரே சொல்லிவைத்திருந்தார். பெயருக்குக் கீழே ஒரே சொல்: மோரா. ஆசிரியை.

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. மிஷினில் உட்கார்வதில்லை, ஆனால் அதைக் கொடுக்கவும் விடவில்லை. மருத்துவச்சிகள் பகுதியை ஆங்கிலத்திலிருந்து வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அபர்பனேல் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். வேதாகமத்தை எடுத்துவரச் சொன்னார். 'எபிரெய மருத்துவச்சிகள்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"அப்போ நான் கேட்டது தப்பில்லையே?"

"தப்பே இல்லைப்பா. அதுக்கு ரெண்டு பெருக்கல் குறி போட்டிருப்பாங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அதே வசனத்தைப் படித்தார். பிறகு விரலை எடுக்காமலே கேட்டார்.

"ஏலே, இவ்வளவு பெரிய ராஜாவுக்கு இதுல பேரே போடலியே. மருத்துவச்சி ரெண்டு பேருக்கும் பேர் போட்டிருக்கு. அது ஏன்னு அந்த அம்மா எழுதியிருக்காங்களா?"

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அவர் கேட்டதை முன்பக்கத்தில் எழுதினேன்.